கத்தி, மாத்திரை, கட்டில்: காப்புரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் அறுவை சிகிச்சை, மருந்து, ஃபர்னிச்சர். சம்பந்தமே இல்லாத மூன்றை எதற்காகச் சேர்த்துப் பேச வேண்டும்?

காப்புரிமைச் சட்டம் இந்த மூன்றிடமும் மூன்று விதமாக நடந்துகொள்கிறது, அதனால்தான். கண் மருத்துவத்தில் கருவிக்கு உரிமை உண்டு, கருவியைப் பிடிக்கும் கைக்கு இல்லை. மருந்தில் புது மூலக்கூறுக்கு உண்டு. அதே மூலக்கூறை வேறு உப்பாகவோ வேறு படிகமாகவோ மாற்றிக்கொண்டு வந்தால் இந்தியாவில் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். ஃபர்னிச்சரில் மடக்கும் கீலுக்கு ஒரு சட்டம், நாற்காலியின் அழகுக்கு இன்னொரு சட்டம். காப்புரிமை (பேடன்ட்) வாங்கிவிட்டால் எல்லாம் நமக்கே என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலி எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

காப்புரிமை கையில் இருந்தால் என்ன செய்ய முடியும்?

மற்றவர்களைத் தடுக்க முடியும். அவ்வளவுதான். அந்தப் பொருளை நீங்களே செய்து விற்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் கண்டுபிடிப்பு இன்னொருவருடைய கண்டுபிடிப்பின் மேல் கட்டப்பட்டதாக இருந்தால் அவரிடமும் உரிமம் வாங்க வேண்டும்.

காலம் 20 ஆண்டுகள். விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கு, கிடைத்த நாளிலிருந்து அல்ல. பரிசோதனையிலேயே பாதிக் காலம் போய்விடுகிறது என்று மருந்துக் கம்பெனிகள் புலம்புவது இதை வைத்துத்தான். எல்லை, அந்தந்த நாடு. அமெரிக்காவில் வாங்கியது அமெரிக்காவில் மட்டும் செல்லும். 'உலகம் முழுக்கச் செல்லும் காப்புரிமை' என்று ஒன்று கிடையாது. யாராவது அதை வாங்கித் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

இதற்கெல்லாம் ஈடாக நீங்கள் தர வேண்டியது ஒன்று உண்டு: கண்டுபிடிப்பை முழுக்க எழுதி ஊரறியக் கொடுத்துவிட வேண்டும். துறை தெரிந்த ஒருவர் அதைப் படித்தே செய்துவிடும் அளவுக்கு எழுத வேண்டும். காலம் முடிந்த அன்று அது எல்லாருக்கும் சொந்தம்.

கண்புரை ஆபரேஷனுக்கு யாராவது காப்புரிமை வைத்திருக்கிறார்களா?

ஆபரேஷன் முழுவதற்கும் யாரும் வைத்திருக்கவில்லை. அதன் துண்டு துண்டான பகுதிகளுக்குப் பலர் வைத்திருந்தார்கள். இன்று அரை மணி நேரத்துக்குள் முடிந்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே, அதற்குப் பின்னால் மூன்று பேரைச் சொல்லலாம். மூன்று பேரும் காப்புரிமையை மூன்று விதமாக அணுகியவர்கள்.

முதலாமவர் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் சுடப்பட்ட போர் விமானிகளின் கண்ணுக்குள், விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் போய்ப் பதிந்திருந்தன. சாதாரணமாகக் கண்ணுக்குள் அந்நியப் பொருள் போனால் கண் கொந்தளித்துவிடும். இந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் கண் பொறுத்துக்கொண்டது. 1940 ஆகஸ்டில் காயம்பட்ட கார்டன் கிளீவர் என்ற விமானியின் கண்கள் ரிட்லிக்குப் பெரிய பாடமாக அமைந்தன. அதே வகைப் பிளாஸ்டிக்கில் ரேனர் கம்பெனியைக் கொண்டு லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். கண் மருத்துவத்தின் பெரிய தலைகள் பல வருடங்கள் அவரை ஏளனம் செய்தன. ரிட்லி இந்த லென்ஸுக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. பிற்காலத்தில் தனக்கே புரை வந்தபோது தன் கண்டுபிடிப்பைத் தன் கண்ணிலேயே வைத்துக்கொண்டார். 'சர்' பட்டம் 2000இல்தான் வந்தது.

இரண்டாமவர் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன். புரையை எடுக்கக் கண்ணைப் பெரிதாகத் திறக்க வேண்டிய காலம் அது. நோயாளி நாள்கணக்கில் அசையாமல் படுத்துக் கிடப்பார். பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, பல்லில் படிந்த காரையை உடைக்கும் அல்ட்ராசோனிக் கருவி கெல்மனின் கவனத்தில் பட்டது. பல்லை அசைக்காமல் காரையை மட்டும் உடைக்க முடியுமானால், கண்ணை விரியத் திறக்காமல் புரையை மட்டும் உடைத்து உறிஞ்ச முடியாதா? 1967இல் மனிதக் கண்ணில் செய்து பார்த்தார். ஆன்டன் பாங்கோ என்ற பொறியாளருடன் சேர்ந்து வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை 1971இல் வந்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் 'ஃபேக்கோ' என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

மூன்றாமவர் பாட்ரிசியா பாத். நியூயார்க் ஹார்லமில் 1942இல் பிறந்த கறுப்பினப் பெண் மருத்துவர், கலிபோர்னியாவில் யூ.சி.எல்.ஏ.வில் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். ஒலி அதிர்வுக்குப் பதிலாக லேசரால் புரையைக் கரைக்கலாம் என்று 1981 வாக்கில் யோசித்தார். 1986இல் விண்ணப்பித்து, 1988 மே 17 அன்று 4,744,360 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றார். மருத்துவக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

அந்த ஆவணத்தைத் திறந்து பார்த்தால், 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள ஒரு வளையும் குழாய். நடுவில் லேசர் ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை. அதைச் சுற்றி உறை போல ஒரு தண்ணீர்ப் பாதை. அந்த உறையைப் பாதி தூரம் அணைத்தபடி, கரைந்த புரையை வெளியே இழுக்கும் இன்னொரு பாதை. ஒளியின் அலைநீளம் 193 முதல் 351 நானோமீட்டருக்குள் இருந்தால் நல்லது என்று எழுதியிருக்கிறார். சுடுவது, கழுவுவது, உறிஞ்சுவது என்ற மூன்று வேலையும் ஒரே மெல்லிய குழாயில். அவர் உரிமை கேட்டது இந்த அமைப்புக்கு. 'லேசரால் புரை எடுத்தல்' என்ற மொத்த எண்ணத்துக்கும் அல்ல.

இணையத்தில் சுற்றும் பதிவுகள், இன்றைய புரை ஆபரேஷனே இவர் கண்டுபிடித்ததுதான் என்கின்றன. அப்படி இல்லை. இன்றும் பெரும்பாலும் நடப்பது கெல்மன் வழியிலான அல்ட்ராசோனிக் முறை. பாத்தின் பெருமைக்கு இந்த மிகைப்படுத்தல் தேவையும் இல்லை.

கருவி சரி. டாக்டர் கத்தியை எப்படிப் பிடித்து எப்படி வெட்டுகிறார் என்பதற்கே காப்புரிமை வாங்க முடியுமா?

அமெரிக்காவில் வாங்கியே விட்டார் ஒருவர். அரிசோனாவைச் சேர்ந்த கண் மருத்துவர் சாமுவேல் பாலின். வெண்விழியில் கவிழ்த்த 'V' போல ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் கீறினால், தையல் போடாமலே காயம் தானாக மூடிக்கொள்ளும் என்று கண்டு, அந்தக் கீறும் முறைக்கு 1992 ஜனவரியில் காப்புரிமை பெற்றார். பிறகு, அதேபோல் கீறுகிற மற்ற மருத்துவர்கள் தனக்கு ராயல்டி தர வேண்டும் என்றார். தர மறுத்த ஜாக் சிங்கர் என்ற மருத்துவர் மேல் 1993இல் வழக்குப் போட்டார்.

மருத்துவ உலகம் கொதித்தது. நாளைக்கு முடிச்சுப் போடுவதற்கும் மருந்து தடவுவதற்கும் பணம் கேட்பார்களா? அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தகைய காப்புரிமைகளைக் கண்டித்தது. 1996இல் வெர்மான்ட்டில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில், பாலின் வலியுறுத்திய உரிமைக்கோரல்கள் செல்லாது என்ற ஆணையோடு வழக்கு முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. அந்தத் திருத்தம் கொஞ்சம் விசித்திரமானது: முறைக்குக் காப்புரிமை வாங்கலாம், ஆனால் அந்த முறையைக் கையாளும் மருத்துவர் மேலும் மருத்துவமனை மேலும் அதை வைத்து வழக்காட முடியாது. துப்பாக்கி உண்டு, தோட்டா இல்லை.

இந்தியாவில் இந்தச் சுற்றுவழியே இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 3(i) பிரிவு, மனிதருக்கோ விலங்குக்கோ செய்யும் மருத்துவ, அறுவை சிகிச்சை முறைகள் 'கண்டுபிடிப்பே அல்ல' என்று கதவைச் சாத்திவிடுகிறது. கீறும் முறைக்குக் கிடையாது. அந்தக் கீறலைப் போடப் புதிதாக ஒரு பிளேடு செய்தீர்களா, அதைக் கொண்டு வாருங்கள்.

கண்ணாடியின் பவரை லேசரால் சரிசெய்யும் லேசிக் ஆபரேஷனின் கண்டுபிடிப்பில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு என்கிறார்களே?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசனைத்தான் சொல்கிறார்கள். 1949இல் இளநிலை, 1950இல் முதுநிலை, பிறகு அமெரிக்காவில் முனைவர் பட்டம், 1961 முதல் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடம். அவர் கண் மருத்துவர் அல்ல, ஒளி வேதியியலாளர். புற ஊதா ஒளி பாலிமர்களை எப்படி அரிக்கிறது என்பதுதான் அவருடைய வேலை. கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கம்பெனிக்கு அது தேவை.

அந்த ஒளியை உயிர்த் திசு மேல் விட்டால் என்ன ஆகும் என்று அவரும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் ஆகியோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். திசுவுக்கு எங்கே போவது? 1981 நவம்பரில் 'தாங்ஸ்கிவிங்' திருநாள். வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள், நவம்பர் 27 அன்று, சீனிவாசன் கூடத்துக்கு எடுத்துப் போனார். 193 நானோமீட்டர் எக்சைமர் லேசரால் சுட்டபோது ஓரம் கருகாமல், கத்தரித்த மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை நிற லேசரால் சுட்ட இடம் தீய்ந்து போயிருந்தது.

காரணம் இதுதான். 193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு துகளிலும் வேதிப் பிணைப்பையே அறுக்கும் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. மேற்பரப்பின் மூலக்கூறுகள் அறுந்து தெறிக்கும்போது வெப்பத்தையும் தங்களோடு கொண்டுபோய்விடுகின்றன. அடியில் இருக்கும் திசுவுக்குச் சூடு இறங்குவதற்குள் துடிப்பு முடிந்துவிடுகிறது. கருவிழியில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரான் மட்டும் போகும். கண்ணாடியின் பவரைக் கருவிழியிலேயே செதுக்க முடியும் என்ற துணிச்சல் இந்த நுணுக்கத்திலிருந்து வந்தது. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் சேர்ந்து கருவிழியில் சோதித்தார்கள். ஐ.பி.எம். மூவரின் காப்புரிமை 1988 நவம்பரில் கிடைத்தது. அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் மூவருக்கும் கிடைத்தது. 2013இல் அதிபர் ஒபாமா அணிவித்தார்.

ஆனால் லேசிக் என்ற முழு ஆபரேஷனையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லக் கூடாது. கருவிழியின் மேலடுக்கை மூடி போலத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைக்கும் முறைக்கு 1989இல் காப்புரிமை பெற்றவர் ஈரானில் பிறந்த கோலம் பேமன். லேசர் இயந்திரங்களுக்கு விசெக்ஸ், சம்மிட் என்ற இரு கம்பெனிகள் தங்கள் காப்புரிமைகளை ஒரே குடையின் கீழ் வைத்து, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் 250 டாலர் கட்டணம் வசூலித்தன. போட்டியை நசுக்கும் ஏற்பாடு இது என்று 1998இல் அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்ததும் அந்தக் கூட்டு கலைந்தது. நோயாளியின் பில்லில் காப்புரிமை எப்படி நேரடியாகப் போய் உட்காரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு நான் பார்த்ததில்லை.

மதுரையில் கண் லென்ஸ் மலிவானது, ரிட்லி காப்புரிமை எடுக்காததாலா?

அது ஒரு காரணம், பெரிய காரணம் அல்ல. கண்ணுக்குள் பிளாஸ்டிக் லென்ஸ் வைக்கலாம் என்ற அடிப்படை யாருடைய சொத்தும் இல்லை. பின்னால் வந்த மடிக்கும் லென்ஸ் வகைகளுக்கெல்லாம் காப்புரிமைகள் இருந்தன. அரவிந்த் கண் மருத்துவமனை சார்பில் 1992இல் ஆரோலேப் தொடங்கியபோது, இறக்குமதி லென்ஸ் ஏழை நோயாளிக்கு எட்டாத விலையில் இருந்தது. அதை உடைக்கத் தேவைப்பட்டவை இயந்திரங்கள், தூசியற்ற அறை, செய்யத் தெரிந்தவர்களின் பயிற்சி. காப்புரிமை இல்லை என்பதாலேயே ஒரு பொருள் மலிவாகிவிடாது. யாராவது இறங்கிச் செய்ய வேண்டும்.

மருந்தில் உரிமை எதற்கு? மாத்திரைக்கா, உள்ளே இருக்கும் பொருளுக்கா?

இரண்டுக்கும், இன்னும் பலவற்றுக்கும். ஒரே மருந்தில் மூலக்கூறுக்கு ஒன்று, அதன் உப்புக்கு ஒன்று, படிக வடிவத்துக்கு ஒன்று, செய்முறைக்கு ஒன்று, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். முதலாவது நியாயமானது என்பதில் சண்டை குறைவு. சண்டை எல்லாம் மற்றவற்றில்தான்.

உண்மையான வேதியியல் வேலை எப்படி இருக்கும் என்பதற்குக் கண்ணிலிருந்தே ஒரு உதாரணம். குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு இரவில் ஒரு சொட்டு விடச் சொல்கிறார்களே, லாட்டனோபுராஸ்ட். புராஸ்டகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருள் கண் அழுத்தத்தை ஏற்றும் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். குறைந்த அளவில் கொடுத்தால் அது அழுத்தத்தை இறக்குகிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாஸ்லோ பிட்டோ கண்டார். 1986இல் காப்புரிமை வந்தது. ஆனால் இயற்கையான பொருளைச் சொட்டாக விட்டால் கண் சிவந்து எரியும். ஸ்வீடனின் ஃபார்மசியா கம்பெனிக்காரர்கள் மூலக்கூறின் வால் பகுதியை வெட்டி அங்கே ஒரு ஃபீனைல் வளையத்தை ஒட்டினார்கள். எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. கருவிழியைக் கடந்து உள்ளே போவதற்காக இன்னொரு முனையில் ஒரு எஸ்டரை மாட்டினார்கள். உள்ளே போனதும் கண்ணின் என்சைமே அதை வெட்டிவிட்டு மருந்தை விடுவித்துக்கொள்ளும். அளவு வெறும் 0.005 சதவீதம். 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்த மாதிரி வேலைக்கு 20 ஆண்டு உரிமை கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

இந்தியாவில் மட்டும் மருந்து மலிவாக இருந்ததற்குக் காரணம் என்ன?

1970ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு அடித்தளம் போட்டவர் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனவர். 1959இல் அவர் கொடுத்த அறிக்கையின் வழியில் வந்த அந்தச் சட்டம், 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் பொருள் உரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும் உண்டு, அதுவும் குறுகிய காலம் என்றது. அதாவது, அதே மருந்தை வேறு வழியில் செய்யத் தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம். நம் வேதியியலாளர்கள் வேறு வழி தேடுவதில் தேர்ந்தார்கள். 2001இல் எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று சிப்லா அறிவித்தபோது, பன்னாட்டுக் கம்பெனிகளின் விலை 10,000 டாலருக்கு மேல்.

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் 2005 ஜனவரி 1 முதல் பொருள் உரிமையும் வந்தது. கூடவே 3(d) என்ற பிரிவையும் நாடாளுமன்றம் வைத்தது. தெரிந்த பொருளின் புது வடிவம், அதன் பயன்திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடினால் ஒழிய, கண்டுபிடிப்பு ஆகாது.

கிளிவெக் வழக்கு சென்னையில்தான் தொடங்கியதா?

ஆமாம், சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். ஒரு வகை ரத்தப் புற்றுநோயை அடக்கி வைக்கும் இமாட்டினிப் என்ற மருந்து. நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிளிவெக். அடிப்படை மூலக்கூறு 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டதால் இந்தியாவில் அதற்கு உரிமை கேட்க வழியில்லை. ஆகவே 1998இல் அதன் மெசிலேட் உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு விண்ணப்பித்தார்கள். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மறுத்தது. 3(d) பிரிவே அரசியலமைப்புக்கு விரோதமானது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2007இல் அதுவும் தள்ளுபடி. மேல்முறையீட்டு வாரியத்திலும் தோல்வி. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

கம்பெனியின் வாதத்தில் ஒன்று, புது வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது. நீதிமன்றம் கேட்டது: சேரட்டும், அதனால் நோய் கூடுதலாகக் குணமாகிறதா? மருந்துக்குப் 'பயன்திறன்' என்றால் குணப்படுத்தும் திறன்தான், அது காட்டப்படவில்லை. விலை வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும்: கிளிவெக் மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய், இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாய். நோவார்ட்டிஸ் பல ஆயிரம் நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு கம்பெனியின் தயவில் ஓடும் சிகிச்சை வேறு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிகிச்சை வேறு.

காப்புரிமை சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தும் விலை எட்டவில்லை என்றால்?

84ஆம் பிரிவில் கட்டாய உரிமம் கேட்கலாம். 2012 மார்ச்சில் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு, பேயர் கம்பெனியின் உரிமை நடப்பில் இருக்கும்போதே ஐதராபாத்தின் நாட்கோவுக்கு அனுமதி கொடுத்தார்கள். மாதம் 2,80,000 ரூபாய் வாக்கில் இருந்தது, ஒன்பதாயிரத்துக்குள் வந்தது. பேயருக்கு 6 சதவீத ராயல்டி. பின்னர் 7 ஆனது. இந்தியாவில் அதுதான் முதல் கட்டாய உரிமம். அடுத்து வேறு மருந்துகளுக்குக் கேட்டவர்களின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன, ஆகவே இதை எளிதான வழி என்று எண்ணிவிட வேண்டாம்.

மஞ்சளுக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது உண்மையா?

உண்மை. புண்ணை ஆற்ற மஞ்சள் பயன்படும் என்பதற்கு 1995இல் கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் கொண்டுபோய்க் காட்டியது, 1997இல் ரத்து. 'எங்கள் பாட்டி போடுவாள்' என்பது மட்டும் அங்கே எடுபடாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

ஃபர்னிச்சருக்கு வருவோம். நாற்காலியில் காப்புரிமை வாங்க என்ன இருக்கிறது?

மரத்தை வளைக்கும் விதம் இருக்கிறது. மைக்கேல் தோனெட் என்ற ஜெர்மன் தச்சர் வியன்னாவுக்குக் குடிபோய், முழுமரத்தை வளைக்கும் முறைக்கு 1856இல் 13 ஆண்டு அரச உரிமை பெற்றார். பீச் மரக் கம்பை ஆவியில் வேகவைத்தால் இளகும் என்பது பழைய செய்தி. வெந்த மரம் நன்றாக அமுங்கும், ஆனால் இழுத்தால் நீளாது. அதனால் வளைக்கும்போது வெளிப்பக்கம் பிளக்கும். தோனெட் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை இறுகக் கட்டி, பட்டையோடு சேர்த்து வளைத்தார். நீள்வதற்கு இடமே இல்லாததால் மரம் முழுக்க உள்பக்கமாக அமுங்கி வளைந்தது. எந்த ஆசாரியிடம் சொன்னாலும் ஒரு நொடியில் தலையாட்டுவார்.

1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்து திருகாணி, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. உரிமை 1869இல் போனதும் போட்டிக் கம்பெனிகள் புகுந்தன. ஆனாலும் 1930க்குள் இந்த மாதிரி மட்டும் 5 கோடி விற்றதாகக் கணக்கு.

மடக்கும் அமைப்பும் இருக்கிறது. சிகாகோவில் ஃபர்னிச்சர் கடை வைத்திருந்த சாரா குட், கறுப்பினப் பெண், பிறந்தபோது அடிமை. 1885 ஜூலை 14 அன்று 322,177 என்ற எண்ணில் 'அலமாரிக் கட்டில்' ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பகலில் எழுதும் மேசை, இரவில் கட்டில். ஒண்டுக்குடித்தன அறையில் வாழ்கிறவர்கள் அவர் கடைக்கு வந்துபோனவர்கள். அந்தப் பழைய ஆவணத்தைப் படித்தால் அவர் அலங்காரத்தைப் பற்றிப் பேசவில்லை. மடிப்புப் பகுதியின் கனத்தைச் சமன்செய்து லேசாகத் தூக்க வைப்பது, விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் உறுதியாக நிற்க வைப்பது, விரித்ததும் நடுவில் தானாக ஒரு தாங்குகால் இறங்குவது. நடுவில் தொய்கிற கட்டிலில் படுத்தவர்களுக்குக் கடைசி விஷயத்தின் அருமை தெரியும்.

பின்னங்கால் இல்லாத இரும்புக் குழாய் நாற்காலி யாருடையது?

இதற்கு நீதிமன்றமே பதில் சொன்னது. டச்சுக்காரர் மார்ட் ஸ்டாம் 1926இல் எரிவாயுக் குழாய்களை இணைத்து முதல் மாதிரியைச் செய்தார். அதைக் கேள்விப்பட்ட மீஸ் வான் டெர் ரோ வளைந்த குழாயில் தன் வடிவத்தைச் செய்து 1927இல் காப்புரிமை வாங்கினார். மார்செல் பிராயரும் அதே வகையில் செய்தார். வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1932இல் அந்த நேர்கோட்டு வடிவம் ஸ்டாமின் கலைப்படைப்பு என்று தீர்ப்பானது. கவனியுங்கள், அவர் வென்றது காப்புரிமையில் அல்ல, பதிப்புரிமையில் (காப்பிரைட்).

கல்யாண மண்டபத்து வெள்ளைப் பிளாஸ்டிக் சேருக்கு யார் உரிமையாளர்?

யாரும் இல்லை. ஒரே வார்ப்பில் முழு நாற்காலி என்ற வடிவம் பலர் கைபட்டு வந்தது. பிரான்சின் ஹென்றி மசோனே 1972இல் கொண்டுவந்த 'ஃபோத்தேய் 300' அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது. ஒரு நாற்காலி வார்க்க இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அவர் காப்புரிமை எடுக்கவில்லை. அச்சும் இயந்திரமும் வாங்க முடிந்த எல்லாரும் வார்த்தார்கள். தோனெட்டின் நாற்காலி இன்று பழம்பொருள் கடையில் விலை பேசுகிறது. இது தேநீர்க் கடை வாசலில் கால் ஒடிந்து கிடக்கிறது. உலகில் அதிகம் பேர் உட்கார்ந்தது எதில் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் பட்டறையில் புது மாதிரி கட்டில் செய்திருக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

முதலில் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வடிவம் ஊர் கண்ணில் பட்டுவிட்டால் வடிவமைப்புப் பதிவுக்கு வேண்டிய 'புதியது' என்ற தகுதி போய்விடும். காப்புரிமைக்கும் இதே கதிதான்; சட்டம் சொல்கிற சில கண்காட்சிகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

அடுத்து, எது புதிது என்று உங்களையே கேளுங்கள். தலைமாட்டின் வளைவா, செதுக்கா, பார்வைக்கு இருக்கும் தோற்றமா? அது வடிவமைப்புச் சட்டம், 2000இன் கீழ் வரும். பதிவு செய்வது கொல்கத்தாவில், முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. மடக்கும் கீலா, பூட்டும் அமைப்பா? அது வடிவமைப்புச் சட்டத்தில் வராது. காப்புரிமைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில். இரண்டும் புதிதென்றால் இரண்டுக்கும் போடலாம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. 'நான் வரைந்தது, பதிப்புரிமை எனக்குத் தானாகவே உண்டு' என்பார்கள். பதிப்புரிமைச் சட்டம் 15(2) பிரிவின்படி, வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தகுந்த ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அதற்கான பதிப்புரிமை அற்றுப்போகும். ஐம்பது கட்டில் என்பது நன்றாக ஓடும் பட்டறைக்குச் சில மாத வேலை.

செலவு எவ்வளவு?

தனிநபருக்கு அரசுக் கட்டணம் பயமுறுத்தும் அளவு இல்லை. வடிவமைப்புப் பதிவுக்கு 1,000 ரூபாய். காப்புரிமைக்கு இணையவழி விண்ணப்பம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கை 4,000 ரூபாய். பிறகு ஆண்டுக் கட்டணங்கள். பெரிய செலவு எழுதிக் கொடுக்கும் முகவருக்கு. வேலை இன்னும் முழுமையாகவில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு ஆவணம் கொடுக்கலாம்.

காப்புரிமை ஆவணத்தை நானே படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும், கடைசியிலிருந்து படித்தால். படங்களையும் வர்ணனையையும் பார்த்து மலைக்க வேண்டாம். உரிமைக்கோரல்கள் என்று எண் போட்ட வாக்கியங்கள் இருக்கும். அவற்றில் முதலாவதை எடுத்துத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். அதில் சொன்ன எல்லாத் துண்டும் உங்கள் பொருளில் இருந்தால் தொல்லை. ஒன்று இல்லையென்றால் பெரும்பாலும் நீங்கள் வேலிக்கு வெளியே. பாத்தின் 4744360, குட்டின் 322177 என்ற எண்களை கூகுள் பேடன்ட்ஸில் போட்டுப் பழகலாம். இரண்டும் காலம் முடிந்தவை, யாரும் கேட்க மாட்டார்கள்.

பெட்டியில் 'பேடன்ட் பெண்டிங்' என்று போட்டிருந்தால் அதைப் பார்த்துச் செய்யக் கூடாதா?

விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று மட்டும் பொருள். உரிமை கிடைக்கும் வரை வழக்குப் போட முடியாது. ஆனால் கிடைத்துவிட்டால், விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து நடந்த மீறலுக்கும் நட்டஈடு கேட்க முடியும். வெளியாவது வழக்கமாக 18 மாதத்தில். அச்சு செய்யப் பணம் போடுவதற்கு முன், காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் அந்தக் கம்பெனி பெயரைப் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. விண்ணப்பமே போடாமல் அப்படி அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு 120ஆம் பிரிவின்படி அபராதம் உண்டு.